நாயகன் பெயர் மட்டும் போதுமா? கொழும்புத் தமிழ்ப் புத்தகக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தை, செட்டியார் தெரு, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் தமிழ்ப் புத்தகம் விற்கிற, வாடகைக்குக் கொடுக்கிற முதலாளிமாருக்கும், கடையில் நின்று எங்களுக்குப் புத்தகம் தேடித் தருகிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி வரும். அதற்கு முன்னாலேயே உங்களில் பலர் சிவகாசிக்கும் சென்னைக்கும் ஓடர் கொடுத்துவிடுவீர்கள். பார்சல் வந்ததும் எங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரு பட்டியல் வரும்: டெக்ஸ் இத்தனை, லக்கி லூக் இத்தனை, டைகர் ஒன்று, மாயாவி மறுபதிப்பு, கடைசியில் 'மற்றவை'. இந்தப் பட்டியலில் ஒவ்வொரு காமிக்ஸுக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். றாக்கையில் ஒட்டுகிற துண்டிலும் போடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "காமிக்ஸ் வாசிக்கிற ஆள் ஹீரோவைப் பார்த்துத்தான் வாங்குகிறார், எழுதினவரை யார் கேட்கிறார்?" என்பீர்கள். உண்மைதான், கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் உங்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கௌபாய் நாயகர் டெக்ஸ் வில்லர் இருக்கிறார். 1948இல் இத்தாலியில் ஜியான் லூயிஜி பொனெல்லி எழுத, ஔரேலியோ கல்லெப்பினி வரையப் பிறந்தவர். கல்லெப்பினி 1994இல் போய்விட்டார், பொனெல்லி 2001இல். டெக்ஸ் இன்றைக்கும் குதிரையை விட்டு இறங்கவில்லை. எத்தனையோ பேர் எழுதியாயிற்று, எத்தனையோ பேர் வரைந்தாயிற்று. மஞ்சள் சட்டையும் பக்கத்தில் கிட் கார்சனும் இருந்தால் போதும், கட்டுப் பிரிக்க முதலே விற்றுவிடும். டெக்ஸ் விஷயத்தில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. ஹீரோவைப் பின்தொடர்கிற வாசகர் என்றால் அவர்தான். நானும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள்.

ஆனால் டெக்ஸை வைத்து மற்ற எல்லாரையும் அளக்கிறீர்கள். அங்கேதான் பிசகு.

உங்கள் கடையிலேயே இரண்டு அடி தள்ளி நாவல் றாக்கை இருக்கிறது. அங்கே வருகிற அக்காமார் என்ன கேட்கிறார்கள்? "ரமணிசந்திரன் புதுசு வந்ததா?", "பாலகுமாரன் இருக்கா?" சுஜாதாவின் கணேஷும் வசந்தும் எந்தக் காமிக்ஸ் ஹீரோவுக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனாலும் கேட்கிறவர் சுஜாதா என்றுதான் கேட்பார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நாவலின் அட்டையில் எழுத்தாளர் பெயர் கதையின் பெயரை விடப் பெரிதாக இருக்கிறது. காமிக்ஸ் அட்டையில் துப்பாக்கியோடு நிற்கிற ஆளின் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. எதைக் காட்டுகிறோமோ அதைத்தான் கேட்பார்கள்.

எங்களுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை லண்டன் வரை போகும். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 'வேலியண்ட்' என்ற வார இதழில் 1962 முதல் வந்த தொடர் அது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதினவர், வரைந்தவர் பெயர் போடுகிற வழக்கமே கிடையாது. ஓவியர் மூலையில் கையெழுத்து வைத்தாலும் வெள்ளை மை பூசி அழித்துவிடுவார்கள். '2000 ஏடி' என்ற இதழ் 1977இல் பெயர்களைப் போடத் தொடங்கிய பிறகுதான் அந்த ஊரிலேயே நிலைமை மாறியது. பிறந்த இடத்திலேயே பெயரில்லாமல் வந்த பிள்ளைக்குச் சிவகாசியில் எப்படித் தகப்பன் பெயர் போடுவது? புறக்கோட்டையில் அதை வாங்கிய எங்களுக்கு எப்படித் தெரியும்?

மாயாவியை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயின்காரர். மின்சாரம் பாய்ந்து மாயாவியின் உடம்பு மறைந்ததும் அந்த இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கிற கட்டங்களை எடுத்துப் பாருங்கள். மறுபதிப்பு ஒன்று எப்படியும் உங்களிடம் கிடக்கும். கைக்குப் பின்னால் இருக்கிற சுவரில் பாதிக்கு மேல் கன்னங்கரேலென்று மை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது அந்த உலோக விரல்களில் விழுகிற மினுக்கத்தில் தெரியும். ஆள் இல்லாத இடத்தில் ஆள் நிற்கிற பாரம் இருக்கும். சின்ன வயதில் நாங்கள் பயந்தது அந்தக் கைக்கு என்று நினைத்திருந்தோம். பயமுறுத்தியது பிளாஸ்கோவின் மை.

ஸ்பைடர் கதை இன்னும் விசேஷம். லயன் காமிக்ஸ் தந்த ஸ்பைடர்தான், கூர்க்காதும் குறுந்தாடி மாதிரியான நாடியுமாக வருகிற குற்றச் சக்கரவர்த்தி. (பிரிட்டனிலும் அது 'லயன்' என்ற வார இதழில்தான் வந்தது. சிவகாசி லயன் வேறு, குழப்ப வேண்டாம்.) 1965இல் டெட் கோவன் எழுதத் தொடங்கினார், ரெஜ் பன் வரைந்தார். கொஞ்சக் காலத்தில் எழுத்து வேறொருவர் கைக்குப் போனது. அவர் பெயர் ஜெரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்!

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். 1938இல் சீகலும் அவருடைய கூட்டாளி ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டொலருக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு வழக்கு, மனஸ்தாபம், வேலையில்லாமை. சூப்பர்மேன் கோடி கோடியாகச் சம்பாதித்துக்கொண்டிருக்க, சீகல் அட்லாண்டிக்குக்கு அப்பால் ஒரு பிரிட்டிஷ் இதழுக்குப் பெயரில்லாமல் ஸ்பைடர் எழுதிக்கொண்டிருந்தார். சூப்பர்மேன் கதைகளில் உருவாக்கியவர்கள் என்று இருவர் பெயரையும் மறுபடி போடவும் வருடாந்தம் ஒரு தொகை கொடுக்கவும் சம்மதிக்கவைக்க 1975 வரை போராட வேண்டியிருந்தது. அந்த மனிதர் எழுதியதைத்தான் நாங்கள் பம்பலப்பிட்டியில் பஸ்ஸுக்கு நின்றபடி வாசித்தோம், யார் எழுதியது என்றே தெரியாமல். சூப்பர்மேன் பிடிக்கும் என்று வருகிற பொடியனுக்கு ஸ்பைடர் மறுபதிப்பை எடுத்து நீட்ட இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? அந்த வியாபாரத்தை நீங்கள் கைவிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

பெயர் போடாவிட்டாலும் வாசகனின் கண் ஆளைக் கண்டுபிடித்துவிடும். அமெரிக்காவில் அந்தக் காலத்து டொனால்ட் டக் காமிக்ஸ்களில் வால்ட் டிஸ்னி பெயர் தவிர வேறு பெயர் வராது. ஆனாலும் சில கதைகள் மட்டும் தனி ரகம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. பெயர் தெரியாததால் 'நல்ல வாத்து ஓவியர்' என்று அவர்களே ஒரு பட்டம் வைத்தார்கள். 1960 வாக்கில் ரசிகர்கள் விசாரித்துக் கண்டுபிடித்தபோதுதான் கார்ல் பார்க்ஸ் என்ற பெயர் வெளியே வந்தது. கஞ்சக் கிழவர் ஸ்குரூஜை 1947இல் உருவாக்கியவர் அவர். நம்ம ஊரிலும் கொத்துரொட்டி போடுகிற ஆள் மாறினால் முதல் வாயிலேயே தெரிந்துவிடுகிறதே, பலகையில் அதே கடைப் பெயர் தொங்கினாலும்.

இப்போது உங்கள் பட்டியலுக்கே வருகிறேன். 'இரத்தப் படலம்' வாங்கினவர்கள் இந்தக் கொழும்பில் கொஞ்சப் பேர் இல்லை. தோளெலும்புக்குப் பக்கத்தில் XIII என்று பச்சை குத்திய, நினைவிழந்த மனிதனின் கதை. அதை எழுதியவர் பெல்ஜியத்து ழான் வான் ஹாம். கோடீஸ்வர வாரிசு லார்கோ வின்ச்சை எழுதியவரும் அவர்தான். வைக்கிங் வீரன் தோர்கலை 1977இல் தொடங்கி வைத்தவரும் அவர்தான். மூன்றும் தமிழில் வந்திருக்கின்றன. மூன்றிலும் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும்: நாயகனுக்குத் தன் பிறப்பு தெரியாது, அல்லது தெரிந்தது பொய்யாக இருக்கும். XIIIக்குத் தன் பெயரே தெரியாது. தோர்கல் நட்சத்திரத்திலிருந்து வந்த குழந்தை. லார்கோ தத்துப் பிள்ளை. இரத்தப் படலத்தை விடாமல் வாசித்து முடித்தவருக்கு அடுத்து என்ன கொடுக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எங்கே கிடைக்கும்?

காலி வீதியில் ஒரு கடையில் இதைக் கேட்டுப் பார்த்தேன். "தம்பி, வான் ஹாம் எழுதினது வேறென்ன இருக்கு?" பையன் உள்ளே போய் நன்றாகத் தேடிவிட்டுத்தான் வந்தான். "அந்த ஹீரோ எங்களிட்ட வாறேல்லை அண்ணை." நான் நின்ற இடத்துக்கு நேர் பின்னால், 'மற்றவை' என்ற அடுக்கில் இரண்டு தோர்கல் தூசி பிடித்துக் கிடந்தன. வாங்கிக்கொண்டு வந்தேன். பையன் மேல் குறையில்லை, அவனுக்குத் தெரிவதற்கு எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

இன்னொன்று. இரத்தப் படலத்தின் 18ஆம் பாகத்தின் சித்திரங்கள் மற்றப் பாகங்களைப் போல இருக்காது. வழக்கமாக வரைந்த வில்லியம் வான்ஸ் அதை வரையவில்லை. வரைந்தவர் ழான் ஜிரோ. எங்களுக்குக் கேப்டன் டைகராக அறிமுகமான கௌபாய் நாயகர் புளூபெரியை வரைந்தவர். 'தங்கக் கல்லறை'யில் பாலைவனத்துப் புழுதியையும் டைகரின் சவரம் செய்யாத முகத்தையும் வரைந்த அதே கை. விஞ்ஞானக் கதைகள் வரையும்போது அவரே மோபியஸ் என்ற பெயரில் கையெழுத்துப் போடுவார், அங்கே கோடு வேறு, காற்று வேறு. டைகர் ரசிகரும் இரத்தப் படலம் ரசிகரும் சந்திக்கிற அந்த ஒரு பாகத்தை இரண்டு கூட்டத்துக்கும் சொல்லி விற்றிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. "கடைசியில ஓவியம் மாறிப்போச்சு" என்று முறைப்பாடுதான் வந்தது.

டைகருக்குக் கதை எழுதியவர் ழான் மிஷெல் ஷார்லியே. அவர் 1989இல் இறந்தபின் ஜிரோ தானே எழுதவும் தொடங்கினார். அந்தக் கதைகள் மெதுவாக நகரும், டைகர் பாதி நேரம் கட்டிலில் கிடப்பார். சிலருக்கு அது பிடிக்கவில்லை, எனக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் இளமைக் காலத்து டைகர் என்று வேறு கைகள் வரைந்த தொடரை டைகர் என்ற பெயருக்காக வாங்கி ஏமாந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஏமாந்தவர் கடையைத்தான் திட்டுவார். பட்டியலில் ஓவியர் பெயர் இருந்திருந்தால் தெரிந்து வாங்கியிருப்பார், அல்லது தெரிந்தே விட்டிருப்பார்.

லக்கி லூக்கிலும் இதுதான். 1946இல் மொரிஸ் உருவாக்கிய கௌபாய். ஆனால் எங்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவை பெரும்பாலும் 1955க்கும் 1977க்கும் இடையில் ரெனே கோசினி எழுதியவை. கொள்ளைக்கார டால்டன் சகோதரர்களின் நாலு ஒன்றுவிட்ட தம்பிமாரைக் கொண்டுவந்தது கோசினியின் காலம். உலகத்திலேயே மடத்தனமான நாய் ரின்டின் கேன் வந்ததும் அப்போதுதான். ஆஸ்டெரிக்ஸை எழுதியவரும் அதே கோசினிதான். அவர் 1977இல் இறந்தார். லூக்கும் ஆஸ்டெரிக்ஸும் நிற்காமல் வருகிறார்கள். ஆனால் இரண்டிலும் சிரிப்பு ஒரு படி இறங்கியது என்று சொல்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களில் நானும் ஒருவன். மறுபக்கம் டின்டின். 1983இல் அவனைப் படைத்த எர்ஜே இறந்ததோடு டின்டின் நின்றது. தனக்குப் பிறகு யாரும் தொடரக் கூடாது என்பது அவர் விருப்பம். ஹீரோ இருந்தும் புதுக் கதை இல்லை. என்னைக் கேட்டால், அதுதான் சரி.

வேதாளர் (ஆங்கிலத்தில் 'ஃபேன்டம்') மட்டும் என்ன? "யார் எழுதினாலும் வேதாளர் வேதாளர்தான்" என்று ஒரு பழைய முதலாளி சொல்வார். 1936இல் தொடங்கி 1999இல் கண்ணை மூடும் வரை அந்தப் பத்திரிகைத் தொடரை எழுதியவர் லீ ஃபாக். மாந்திரீகன் மாண்ட்ரேக்கும் அவருடையவர்தான், இரண்டு வருடம் மூத்தவர். சாகச நாயகி மாடஸ்டி பிளெய்ஸைப் பாருங்கள். ஓவியர் ஜிம் ஹோல்டவே 1970இல் இறந்தார், ரொமேரோவும் வேறு சிலரும் வரைந்தார்கள். கதை மட்டும் 1963 முதல் 2001 வரை பீட்டர் ஓடொனலின் பேனாவை விட்டு இறங்கவில்லை. 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியதே மாடஸ்டியோடுதான். பாத்திரத்தைப் பின்தொடர்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த நாங்கள் ஒரே எழுத்தாளரை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்திருக்கிறோம்.

சரி, எழுதினவன் வரைந்தவன் பெயர் மட்டும் சோறு போடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஜாக் கேர்பி மார்வெலின் பாதிப் பாத்திரங்களை வரைந்து நிறுத்தியவர். 1970இல் போட்டி நிறுவனமான டிசிக்குப் போய் முழுக்க முழுக்கத் தன் சொந்த உலகத்தைப் படைத்தார். அதில் முக்கியமான இரண்டு இதழ்கள் 1972இலேயே நிறுத்தப்பட்டன. அவர் விட்டுவந்த பாத்திரங்களோ வேறு ஆட்கள் கையில் சுகமாக ஓடின. எல்லா வாசகரும் ஓவியருக்குப் பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு போவதில்லை. போகிற ஆட்களுக்கும் வழி தெரியட்டும் என்பதுதான் என் பேச்சு.

எங்கள் ஆட்களுக்குப் பெயர் நினைவிருக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். சவாரித் தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தைத் தெரிந்த மூத்தவர்கள் யாரையும் கேளுங்கள், அடுத்த சொல் 'சிரித்திரன் சுந்தர்' என்று வரும். தினகரனில் தம்பரை வரைந்தவரும், பிறகு சிரித்திரன் இதழை நடத்தியவரும் அவர் என்று சொல்வார்கள். தம்பரையும் சுந்தரையும் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. சிங்கள வாசகரிடம் அவர்களுடைய கேலிச்சித்திரப் பாத்திரம் கஜமன் என்றால் கமிலஸ் பெரேராவைச் சொல்வார். 2023இல் கஜமன் திரைப்படமாக வந்தபோதும் அந்தப் பெயர் கூடவே வந்தது. பெயரைக் காட்டினால் சனம் பிடித்துக்கொள்ளும்.

இளசுகள் எங்களைவிட முன்னே போய்விட்டார்கள். மங்கா என்கிற ஜப்பானியக் காமிக்ஸ் வாசிக்கிற என் மருமகளுக்கு, 1997 முதல் ஒன் பீஸ் தொடரை வரைகிற ஓடாவைப் பற்றி அவரின் சொந்தக்காரரைப் போலக் கதைக்க முடியும். பெர்செர்க் வரைந்த மியுரா 2021இல் இறந்தார். அடுத்த வருடம் தொடர் திரும்பவும் வந்தது, முடிவு வரை கதையை மியுராவிடமிருந்து நேரே கேட்டிருந்த நண்பர் மோரியின் மேற்பார்வையில், மியுராவின் உதவியாளர்கள் வரைய. அதை வாசிக்கலாமா கூடாதா என்று வீட்டில் இரவுச் சாப்பாட்டில் வாக்குவாதம் நடந்தது. இந்தப் பிள்ளை உங்கள் கடைக்கு வந்து தமிழ் காமிக்ஸ் றாக்கையைப் பார்த்துவிட்டு, "மாமா, இதில் யார் வரைந்தது என்றே இல்லையே" என்று கேட்கிறது. நான் என்ன சொல்ல?

உங்கள் 'மற்றவை' அடுக்கைப் பற்றியும் ஒன்று. ஹீரோவே இல்லாத புத்தகங்கள் இப்போது வருகின்றன. மர்ஜானே சத்ரபியின் ஈரான் நினைவுகள் தமிழிலேயே வந்திருக்கின்றன. எங்கள் நாட்டுப் போரைப் பற்றி பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லின்ட்சே பொலக் வரைந்த 'வன்னி' 2019இல் ஆங்கிலத்தில் வந்தது. இவற்றை என்ன ஹீரோ பெயர் சொல்லிக் கேட்பது? படைத்தவர் பெயர் இல்லாவிட்டால் இவை உங்கள் பட்டியலில் தலையில்லாமல்தான் நிற்கும்.

செலவைப் பற்றி யோசிப்பீர்கள். 2022க்குப் பிறகு இந்திய விலையை மூன்றரையாலோ நாலாலோ பெருக்கி ஒட்டுகிற காலத்தில், விற்குமா விற்காதா என்று தெரியாத புத்தகத்தை எடுக்கப் பயம் இருக்கும், அது விளங்குகிறது. நான் புதிதாக ஒன்றும் எடுக்கச் சொல்லவில்லை. இருக்கிறதுக்குப் பெயர் எழுதுங்கள். உட்பக்கத்தில், காப்புரிமை வரியில், சின்ன எழுத்தில் பெரும்பாலும் இருக்கும். கிடைக்காத பழைய கதைகளுக்கு எங்களைப் போன்ற ஆட்களிடம் கேளுங்கள். சம்பளமில்லாமல் எழுதித் தரப் பத்துப் பேர் வருவார்கள், வந்து கடையிலேயே நின்று சண்டையும் பிடிப்பார்கள். பிளேன்டீ மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும்.

அப்புறம், கண்காட்சிக்கு என் ஓடரை இப்போதே எழுதிவிடுகிறேன். டெக்ஸ் எது வந்தாலும் ஒன்று. கோசினி எழுதிய லக்கி லூக், என்னிடம் இல்லாதது இருந்தால் ஒன்று. வான் ஹாம் எழுதி ரோசின்ஸ்கி வரைந்த தோர்கல் எத்தனை இருந்தாலும் அத்தனையும். ஜிரோ வரையாத டைகர் வேண்டாம். காசு சம்பளம் வந்ததும் தருகிறேன், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் பழைய வாடிக்கைக்காரன்